விமானியின் நித்திரையும் பலாலியின் வான்வழியும்

சென்னையிலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு வரும் விமானம் பயணிகளை இறக்கி, காத்திருப்பவர்களை ஏற்றிக்கொண்டு, வந்த விமானிகளோடேயே திரும்பிப் போய்விடுகிறது. நமக்கு அது வேலூருக்கு வைத்தியம் பார்க்கப் போகும் பயணம். சிதம்பரத்துக்கு நேர்த்தி தீர்க்கப் போகும் பயணம். கனடாவிலிருந்து சென்னை வந்திறங்கிய பிள்ளை வீடு வந்து சேரும் பயணம். அந்த இரண்டு விமானிகளுக்கு அது அன்றைய கடமைப் பட்டியலில் இரண்டு வரிகள். அதற்கு முன்னர் அவர்கள் எந்தெந்த ஊரில் இறங்கி ஏறினார்கள், விடிய எத்தனை மணிக்கு எழும்பினார்கள், முந்தின இரவு ஒழுங்காக நித்திரை கொண்டார்களா என்பது விமானத்தில் ஏறும் எவருக்கும் தெரியாது. கேட்கும் வழக்கமும் நம்மிடம் இல்லை.

2025 டிசம்பர் மாத ஆரம்பத்தில் இந்திய விமான நிலையங்களில் நடந்ததைப் பார்த்த பிறகாவது அந்த வழக்கம் வரவேண்டும். விமானிகளுக்குக் கூடுதல் ஓய்வு கொடுக்கச் சொன்ன விதியின் இரண்டாம் கட்டம் நவம்பர் 1ஆம் திகதி நடைமுறைக்கு வந்தது. ஐந்தாவது வாரத்தில், இந்தியாவின் ஆகப் பெரிய விமான நிறுவனமான இண்டிகோவின் அட்டவணை உடைந்தது. டிசம்பர் 3 முதல் 5 வரையான மூன்று நாட்களில் மட்டும் 2,507 சேவைகள் ரத்தாகின. 1,852 சேவைகள் தாமதமாகின. 3 லட்சத்துக்கு மேற்பட்ட பயணிகள் பாதிக்கப்பட்டார்கள். 2024 செப்டெம்பர் 1ஆம் திகதி முதல் சென்னையிலிருந்தும், 2025 மார்ச் 30ஆம் திகதி முதல் திருச்சியிலிருந்தும் யாழ்ப்பாணத்துக்குப் பறக்கத் தொடங்கிய நிறுவனம் இதே இண்டிகோதான். டித்வா புயல் இலங்கையைப் புரட்டிப்போட்டு ஒரு வாரம்கூட ஆகாத நாட்கள் அவை. பலாலியிலிருந்து சென்னைக்குப் போய் அங்கிருந்து பெங்களூருக்கோ டில்லிக்கோ மாறிப் போக இருந்தவர்களுக்கு, பயணம் சென்னை விமான நிலைய வாசலோடு நின்றுவிட்டது.

யாழ்ப்பாணத்தில் அதைப் பற்றிப் பேசியவர்களில் அதிகமானோர் சொன்னது ஒன்றுதான்: விமானிகள் வேலை செய்ய மறுத்துவிட்டார்கள். அது சரியல்ல என்பதும், அப்படி நினைப்பது நமக்கே ஆபத்து என்பதும் இந்தக் கட்டுரையின் வாதம்.

முதலில் களைப்பு என்றால் என்ன என்று பார்க்கவேண்டும். நெடுந்தூர விமானங்களில் பல நேர வலயங்களைத் தாண்டிப் போகிறவர்களின் நித்திரைக் குழப்பம்தான் பொதுவாக நம் நினைவுக்கு வருகிறது. பலாலிக்கு வரும் ஏடிஆர் 72 போன்ற சிறு விமானங்களில் களைப்பு வேறு வழியாக வருகிறது. ஒரு நாளில் பல குறும்பயணங்கள். ஒவ்வொன்றிலும் ஒரு ஏற்றம், ஒரு இறக்கம். விமானியின் மூளை ஆகக் கூடுதலாக உழைப்பது அந்த இரண்டு நேரத்திலும்தான். நடுவில் கிடைக்கும் அமைதியான பறப்பு நேரம் மிகக் குறுகியது. ஏடிஆர் விமானம் 25,000 அடிக்கு மேல் ஏறாது. பெரிய ஜெட் விமானங்கள் பல வேளைகளில் மேலால் தாண்டிப் போகும் மழைமேகத்தை இது சுற்றியோ இடையில் வழி பார்த்தோதான் கடக்க வேண்டும். ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகீழ்ப் பருவமழை பெய்யும் எங்கள் கடலில் அது சின்ன வேலை இல்லை.

தரையில் நிற்கும் நேரமும் ஓய்வு நேரம் இல்லை. தரையில் மின்சாரம் கொடுக்கும் தனிச் சிறு இயந்திரம் ஏடிஆரில் கிடையாது. வலப்பக்க இயந்திரத்தை ஓடவிட்டு, அதன் சுழலியை மட்டும் பிரேக் போட்டு நிறுத்தி, அதிலிருந்து மின்சாரமும் குளிர்காற்றும் எடுக்க முடியும். பின்கதவால் ஆட்கள் இறங்கிக்கொண்டிருக்கும்போதே விமானிகள் அடுத்த பயணத்துக்கான எரிபொருள், எடைக் கணக்கு, சென்னை வானிலை, பயணிகள் பட்டியல் என்று ஒவ்வொன்றாகச் சரிபார்க்கத் தொடங்கிவிடுவார்கள். ஒருவர் இறங்கி விமானத்தைச் சுற்றிவந்து சக்கரம், சுழலி, இறக்கை எல்லாம் கண்ணால் பார்க்க வேண்டும். பலாலியின் மத்தியான வெயில் அந்தத் தாரில் எப்படி எரிக்கும் என்று நமக்குச் சொல்லத் தேவையில்லை.

ஒரு மாதிரி நாளை எடுத்துக்கொள்வோம். முதற் புறப்பாடு காலை 5.45 மணி. ஒரு மணி நேரம் முன்னதாக, 4.45க்குக் கடமைக்கு வந்துவிட வேண்டும். சென்னை போன்ற நகரத்தில் வீட்டிலிருந்து விமான நிலையம் போக ஒரு மணி நேரம் வேண்டும் என்றால் வாகனம் 3.45க்கு வாசலில் நிற்கும். 3 மணிக்கு எழும்ப வேண்டும். எட்டு மணி நேரம் நித்திரை வேண்டுமென்றால் முந்தின நாள் மாலை 7 மணிக்கே படுத்துவிட வேண்டும். ஆனால் மனித உடல் நித்திரைக்கு ஆகக் கூடுதலாக எதிர்ப்புக் காட்டும் நேரம் அந்த மாலை நேரம்தான் என்பது நித்திரை ஆய்வுகளில் நிலைபெற்ற விடயம். பிள்ளைகள் வீட்டில் விழித்திருக்கும் நேரமும் அதுதான். ஆகவே 10 மணிக்குத்தான் கண் அயரும்; ஐந்து மணி நேரம் கிடைக்கும். நான்கு பயணங்கள் முடித்து மத்தியானம் வீடு திரும்பலாம். அட்டவணையில் அது ஒரு இலேசான நாள்; விதி எதுவும் மீறப்படவில்லை. அதே மாதிரி மூன்று நாள் தொடர்ந்தால் உடல் ஒன்பது மணி நேர நித்திரையைக் கடனாக வைத்திருக்கும். நான்காவது நாள் பலாலி ஓடுபாதையை நோக்கி இறங்கும்போது அந்தக் கடனும் சேர்ந்தே இறங்குகிறது.

விடியப்புறம் 2 மணி முதல் 6 மணி வரை உடலின் விழிப்புணர்வு ஆகக் கீழே போகும் நேரம். எவ்வளவு அனுபவம் இருந்தாலும் அது மாறாது. 1997இல் டோசன், ரீட் என்ற இரு ஆய்வாளர்கள் ‘நேச்சர்’ சஞ்சிகையில் வெளியிட்ட ஆய்வு ஒன்று இன்றும் எடுத்துக்காட்டப்படுகிறது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருந்தவரின் செயற்திறன், இரத்தத்தில் 0.05 சதவீத மது உள்ளவரின் அளவுக்குத் தாழ்ந்துவிடுகிறது என்பது அதன் முடிவு. பல நாடுகளில் அந்த அளவு மதுவோடு கார் ஓட்டினாலே பொலிஸ் பிடிக்கும்.

இந்தியப் பயணிகள் இதற்குப் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். 2010 மே 22ஆம் திகதி டுபாயிலிருந்து வந்த எயார் இந்தியா எக்ஸ்பிரஸ் விமானம் மங்களூரில் காலை 6 மணியளவில் இறங்கும்போது ஓடுபாதையைத் தாண்டிப் பள்ளத்தில் விழுந்து எரிந்தது. 166 பேரில் 8 பேர் மட்டுமே தப்பினார்கள். எயார் மார்ஷல் கோகலே தலைமையிலான விசாரணை நீதிமன்றம் விமானியறை ஒலிப்பதிவைக் கேட்டபோது, இரண்டு மணி நேரப் பதிவில் ஒன்றரை மணி நேரத்துக்கு மேல் கப்டன் நித்திரையில் இருந்தது தெரிந்தது. அவர் விழித்து விமானத்தைக் கையில் எடுத்தபோது மூளை முழுதாக விழிக்கவில்லை. சரியான உயரத்தில் இல்லாத அணுகலைத் தொடரவேண்டாம், திரும்பச் சுற்றிவருவோம் என்று துணை விமானி சொன்னதும் செயலாகவில்லை. நித்திரை கலைந்த பின் சிறிது நேரம் நீடிக்கும் அந்த மந்தநிலையை அறிக்கை வெளிப்படையாகவே காரணங்களில் சேர்த்தது.

2024 ஜனவரி 25ஆம் திகதி இந்தோனேசியாவின் பத்திக் எயார் விமானம் ஒன்றில் இரண்டு விமானிகளும் ஒரே நேரத்தில் 28 நிமிடங்கள் நித்திரையாகிவிட்டார்கள். கெண்டாரியிலிருந்து ஜகார்த்தாவுக்கு 153 பயணிகளோடு போன ஏ320 விமானம் பாதை விலகிப் போய்க்கொண்டிருந்தது. வான் கட்டுப்பாட்டு நிலையம் கூப்பிட்டுக் கூப்பிட்டு ஓய்ந்துவிட்டது. விசாரணையில் வெளிவந்த விபரம் மனதைத் தொடுவது. துணை விமானிக்கு ஒரு மாதக் குழந்தைகள், இரட்டையர். இரவில் மனைவிக்கு உதவியாக எழும்பியெழும்பிப் பார்த்திருக்கிறார். அன்று ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. தனக்கு நித்திரை போதவில்லை என்று கடமைக்கு வருமுன் அந்தத் துணை விமானி நிறுவனத்துக்குச் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை?

என் பார்வையில் முழு விடயமும் இந்தக் கேள்வியில்தான் நிற்கிறது. விமானி குடித்திருக்கிறாரா என்று பார்க்க ஊதிப்பார்க்கும் கருவி இருக்கிறது. இந்தியாவில் பறப்புக்கு முன் அந்தச் சோதனை கட்டாயம். களைப்பை அளக்க அப்படி ஒரு கருவி விமான நிலைய வாசலில் இல்லை. இரத்தத்தில் தெரியாது, கண்ணைப் பார்த்தாலும் நிச்சயமாகச் சொல்ல முடியாது. விமானி தானாக வாய் திறந்து சொன்னால்தான் தெரியும். ஆகவே விமானப் பாதுகாப்பின் ஒரு பெரும் பகுதி, ஊழியர் முகாமைத்துவத்திடம் உண்மையைச் சொல்லத் துணிவாரா என்பதில் தங்கியிருக்கிறது. சொன்னால் சம்பளம் வெட்டுப்படுமா, பதவி உயர்வு தள்ளிப்போகுமா, ‘இவர் எப்போதும் நோய் சொல்பவர்’ என்று பெயர் விழுமா என்று பயப்படும் இடத்தில் ஒருவரும் சொல்லமாட்டார்கள். நிறுவனத்துக்கும் விமானிகளுக்கும் இடையிலுள்ள உறவு சம்பளப் பிரச்சினையாக மட்டும் பார்க்கப்படுகிறது. இயந்திரத்தின் எண்ணெய் அழுத்தத்தைப் பார்க்கிற அதே கவனத்தோடு பார்க்கவேண்டிய பாதுகாப்பு விடயம் அது.

அந்த உறவு இந்தியாவில் எப்படிக் கெட்டது என்பதற்குச் சான்று தேடி அலையவேண்டியதில்லை. கொரோனா காலத்தில் இண்டிகோ தன் விமானிகளின் சம்பளத்தை 30 சதவீதம் வரை வெட்டியது. 2022 ஏப்ரலில் 8 சதவீதம் திருப்பிக் கொடுப்பதாக அறிவித்தது. வேலைநிறுத்தம் செய்யத் திட்டமிட்டதாக அதே மாத ஆரம்பத்தில் சில விமானிகள் இடைநிறுத்தப்பட்டார்கள். அதற்கு அடுத்த நாட்களில் நடந்தது விமானத்துறையில் அரிது: ஆபத்தில் இருக்கும் விமானம் உதவி கேட்பதற்கென்றே ஒதுக்கிவைத்த 121.5 மெகாஹேர்ட்ஸ் அலைவரிசையில் சில விமானிகள் சம்பளத்தைப் பற்றித் தகாத வார்த்தைகளில் திட்டித் தீர்த்தார்கள். அது பிழை, விசாரணையும் நடந்தது. ஆனால் நிறுவனத்துக்குள் பேசுவதற்கு ஒரு வழி இருந்திருந்தால், அபாய அலைவரிசையில் போய்ப் பேசும் நிலை வந்திருக்குமா?

இரண்டு வருடம் கழித்து விஸ்தாரா விமான நிறுவனத்தில் அதே கதை வேறு வடிவில் வந்தது. எயார் இந்தியாவோடு இணைவதற்கான புதிய சம்பள ஒப்பந்தத்தில் உத்தரவாதமான கொடுப்பனவு மணி நேரம் 70இலிருந்து 40ஆகக் குறைந்தது. 2024 மார்ச் கடைசியிலும் ஏப்ரல் ஆரம்பத்திலும் விமானிகள் கூட்டமாக நோய் விடுப்பு எடுத்தார்கள். நூற்றுக்கு மேற்பட்ட சேவைகள் ரத்தாகின. கடைசியில் நிறுவனம் தன் சேவைகளில் பத்திலொரு பங்கைக் குறைத்தது. அட்டவணையில் நெருக்கடி தாங்கும் இடைவெளி போதாமல் இருந்தது என்று அதன் தலைமை அதிகாரி வினோத் கண்ணன் ஒப்புக்கொண்டார். அப்படி ஒப்புக்கொண்ட தலைவர்கள் குறைவு என்பதால் அதைச் சொல்லவேண்டியிருக்கிறது.

இந்தப் பின்னணியில்தான் புதிய ஓய்வு விதிகள் வந்தன. மங்களூர் விபத்துக்கு அடுத்த ஆண்டு, 2011இல், இந்திய சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏ கடமை நேர வரம்புகளைத் திருத்தி எழுதியது. இன்னொரு பெரிய திருத்தம் 2024 ஜனவரி 8ஆம் திகதி வெளிவந்தது. வாராந்த ஓய்வு 36 மணி நேரத்திலிருந்து 48 மணி நேரமானது. இரவு என்பது நள்ளிரவு 12 முதல் 5 வரை என்றிருந்தது 6 வரை நீட்டப்பட்டது. இரவில் ஒரு விமானி இறங்கக்கூடிய எண்ணிக்கை ஆறிலிருந்து இரண்டாகக் குறைந்தது. களைப்பு முறைப்பாடுகளை மூன்று மாதத்துக்கு ஒருமுறை நிறுவனங்கள் டிஜிசிஏயிடம் ஒப்படைக்கவேண்டும் என்றும் சொல்லப்பட்டது. 2024 ஜூன் 1ஆம் திகதி நடைமுறைக்கு வரவேண்டிய விதிகள், நிறுவனங்களின் எதிர்ப்பால் தள்ளிப்போயின. விமானிகள் சங்கங்கள் டில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போன பிறகே 2025 ஜூலை 1, நவம்பர் 1 என்று இரண்டு கட்டங்களாகத் திகதி குறிக்கப்பட்டது. நிறுவனங்களுக்குத் தயாராகக் கிடைத்த காலம் ஏறக்குறைய இருபத்திரண்டு மாதம்.

அந்த விதி வெளிவந்து ஆறாம் நாள், 2024 ஜனவரி 14ஆம் திகதி, டில்லி விமான நிலையத்தில் பனிமூட்டத்தால் பல மணி நேரம் தாமதமான கோவா விமானத்தில், தாமத அறிவிப்பைச் சொல்லிக்கொண்டிருந்த துணை விமானியைப் பயணி ஒருவர் ஓடிவந்து குத்தினார். அந்தக் காணொளியை நம்மில் பலர் கைத்தொலைபேசியில் பார்த்திருப்போம். முந்தைய விமானிகளின் கடமை நேரம் முடிந்துவிட்டதால் மாற்றாக வந்தவர் அவர். களைத்தவரை ஓட்டவிடாமல் புதியவரைக் கொண்டுவந்த விதி அந்தப் பயணியைத்தான் பாதுகாத்தது. அந்தத் தொடர்பு அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. பக்கத்தில் இருந்தவர்களுக்கும் தெரிந்திருக்காது.

திரும்ப 2025 டிசம்பருக்கு வருவோம். அந்தக் குழப்பத்துக்கு முன்னரே அறிகுறிகள் தெரிந்தன. நவம்பர் மாதத்தில் இண்டிகோ 1,232 சேவைகளை ரத்துச் செய்திருந்தது. அதில் 755 ஆளணி, கடமை நேரக் காரணங்களால். டிசம்பர் 4ஆம் திகதி ஆறு பெருநகர விமான நிலையங்களில் நேரத்துக்குப் புறப்பட்ட இண்டிகோ சேவைகள் 8.5 சதவீதம் மட்டுமே. அந்த நாட்களில் வெளியான கணக்கு ஒன்று என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. எயார்பஸ் விமானங்களுக்குப் புதிய விதியின்படி நிறுவனத்துக்கு 2,422 கப்டன்கள் தேவை, இருந்தவர்கள் 2,357. துணை விமானிகளோ தேவைக்கு மேலேயே இருந்தார்கள். குறை 65 கப்டன்கள். நூற்றுக்கு மூன்று பேர்கூடக் குறையவில்லை. ஆனால் ஒரு தேசத்தின் வான் போக்குவரத்தே குழம்பியது.

எப்படி? அட்டவணை தயாரிக்கும் கணினிக்கு ஒவ்வொரு விமானியின் ஒவ்வொரு மணி நேரமும் ஒரு செலவு. சட்டம் விடும் கடைசி நிமிடம் வரை அந்த நேரத்தை நிரப்பினால் இலாபம். காத்திருப்புக் கடமையில் சும்மா இருக்கும் விமானிகள் கணக்கில் நட்டமாகவே தெரிவார்கள். தறியில் ஒரு நூல் அறுந்தால் பக்கத்து நூல்களும் தளர்வது போல, மழையாலோ பனியாலோ ஒரு விமானம் இரண்டு மணி நேரம் பிந்தினால் அதன் விமானிகளின் கடமை நேரம் முடிந்துவிடும். அவர்கள் ஓட்டவேண்டிய அடுத்த விமானத்துக்கு ஆள் இல்லை. அந்த விமானம் போயிருக்கவேண்டிய ஊரில் காத்திருக்கும் விமானிகள் அங்கேயே நின்றுவிடுவார்கள். காத்திருப்பில் போதிய ஆட்கள் இருந்தால் அந்தச் சங்கிலி முதற் கண்ணியிலேயே நிற்கும். குறைந்துபோன 65 பேர் அப்படி நிறுத்தியிருக்கக்கூடியவர்கள்.

இது என் ஊகம் அல்ல. 2026 ஜனவரியில் டிஜிசிஏ வெளியிட்ட விசாரணை முடிவே அதைச் சொன்னது. செயற்பாடுகளை அளவுக்கு மீறி இறுக்கியது, புதிய விதிகளுக்குப் போதிய ஆயத்தம் செய்யாதது, மென்பொருள் குறைபாடு, முகாமைத்துவக் கட்டமைப்பின் பலவீனம் ஆகியவையே காரணங்கள் என்று அது குறிப்பிட்டது. விமானிகளின் கடமை நேரம் உச்சமாகப் பயன்படும்படி அட்டவணைகள் வகுக்கப்பட்டிருந்தன, மீள்வதற்கான இடைவெளி மிகக் குறைவாக இருந்தது என்பதும் அதில் இருந்தது. தண்டம் 22.20 கோடி இந்திய ரூபா. விமானிகள் கூட்டமைப்போ, ஆட்சேர்ப்பை முடக்கியதும் சம்பளத்தை முடக்கியதும் மற்ற நிறுவனங்களோடு ஆள் எடுக்காத உடன்பாடு வைத்துக்கொண்டதும்தான் இந்த நிலைக்குக் கொண்டுவந்தது என்று குழப்பத்தின்போதே எழுதியிருந்தது.

ஆனால் டிசம்பர் 5ஆம் திகதி டிஜிசிஏ செய்தது என்ன? விடுப்பை வாராந்த ஓய்வின் கணக்கில் சேர்க்கக்கூடாது என்ற விதியைத் திரும்பப் பெற்றது. இண்டிகோவின் ஏ320 விமானிகளுக்கான இரவுக் கடமை வரம்புகளை 2026 பெப்ரவரி 10 வரை தளர்த்தியது. பிறகு இந்திய விமானப் போக்குவரத்து அமைச்சு நிறுவனத்தின் சேவைகளில் 10 சதவீதத்தைக் குறைக்கச் சொன்னது. சேவைகளைக் குறைத்த நடவடிக்கை சரி. அது முதலாவதாக வந்திருக்க வேண்டும். ஆயத்தம் செய்யாத நிறுவனம் குழப்பத்தைக் காட்டிச் சலுகை பெற்றது. அந்தச் சலுகை எடுக்கப்பட்ட இடம் விமானியின் நித்திரை. விமானிகள் சங்கங்கள் இதை எதிர்த்ததில் எனக்கு முழு உடன்பாடு.

நம் பக்கம் நிலை மேலானது என்று நினைக்க இடமில்லை. 2022 நெருக்கடியில் ரூபா சரிந்தபோது ஸ்ரீலங்கன் எயார்லைன்ஸ் விமானிகள் பலர் டொலரில் சம்பளம் கிடைக்கும் வளைகுடா நிறுவனங்களுக்கும் வேறு நாடுகளுக்கும் போனார்கள். போனவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. ஒரு குடும்பத்தின் கடன் டொலரிலும் சம்பளம் ரூபாவிலும் இருந்தால் யாரும் போவார்கள். ஆள் குறைந்த அட்டவணையின் சுமை எஞ்சியிருப்பவர்களிடமே வந்து சேரும். அதே ஆண்டு விமான எரிபொருளும் கொழும்பில் தட்டுப்பட்டது. கட்டுநாயக்காவிலிருந்து நெடுந்தூரம் போகும் விமானங்கள் திருவனந்தபுரத்தில் இறங்கி எரிபொருள் நிரப்பிக்கொண்டு போயின. பயணிக்கு அது ஒரு மணி நேரத் தாமதம். விமானிக்கு அது இன்னொரு இறக்கம், இன்னொரு ஏற்றம், நீண்ட இரவில் கூடுதல் கடமை நேரம். நாட்டின் பணப்பிரச்சினை விமானியறைக்குள் இப்படித்தான் வந்து உட்காருகிறது. விமானிகள் சங்கம் வாய் திறக்கும் ஒவ்வொரு முறையும் ‘இவ்வளவு சம்பளம் வாங்குபவர்களுக்கு என்ன குறை’ என்று பேசும் பழக்கம் நம் பத்திரிகைகளில் உண்டு. சம்பளம் கூடியவருக்கு நித்திரை குறைவாகத் தேவைப்படும் என்று எந்த வைத்தியரும் சொன்னதில்லை.

குடாநாட்டுக்கு விமான ஆபத்து என்றால் நெடுங்காலம் வேறொன்றாகவே இருந்தது. 1947 டிசம்பர் 10ஆம் திகதி எயார் சிலோனின் முதலாவது டக்கோட்டா, இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகத்தான் சென்னைக்குப் போனது. அந்த நல்ல காலத்துக்குப் பிறகு போர் வந்தது. 1998 செப்டெம்பர் 29ஆம் திகதி பலாலியிலிருந்து இரத்மலானைக்குக் கிளம்பிய லயன் எயார் அன்டனோவ் விமானம் 55 பேரோடு மன்னார்க் கடலில் விழுந்தது. உறவுகளைத் தேடியவர்களுக்குச் சிதைவுகள் கிடைக்கவே 2012 ஆகிவிட்டது. அப்படிப்பட்ட நினைவுள்ள ஊரில், 2019 ஒக்டோபர் 17ஆம் திகதி யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையம் திறக்கப்பட்டதும், நவம்பரில் அலையன்ஸ் எயார் வந்து இறங்கியதும், கொரோனாவுக்குப் பின் 2022 டிசம்பரில் அது திரும்ப வந்ததும் பெரிய நிம்மதியாக இருந்ததில் வியப்பில்லை. விமானம் வந்தால் போதும் என்று இருந்தோம். எந்த நிலையில் உள்ளவர்கள் ஓட்டி வருகிறார்கள் என்று கேட்கும் கட்டத்துக்கு இப்போதுதான் வருகிறோம்.

கேட்பதற்கு ஒரு தடை இருக்கிறது. சர்வதேச ஒழுங்கின்படி, விமானியின் கடமை நேரத்தை நிர்ணயிப்பது விமான நிறுவனம் பதிவான நாடு. பலாலியில் இறங்கும் இந்திய விமானத்தின் விமானிகளுக்கு டில்லியின் விதி. அங்கே ஒரு சலுகை கொடுக்கப்பட்டால் அதன் பின்விளைவு இங்கே உள்ள பயணியையும் தொடும். ஆனால் அந்தச் சலுகை பற்றி யாரும் யாழ்ப்பாணத்தில் உள்ளவரைக் கேட்கப்போவதில்லை. ஆயினும் இலங்கை கையாலாகாத நிலையில் இல்லை. வெளிநாட்டு நிறுவனம் ஒன்று இங்கே வந்துபோக அனுமதி கொடுப்பது நமது சிவில் விமானப் போக்குவரத்து அதிகாரசபை. அனுமதி கொடுக்கும்போது கேள்வி கேட்கும் உரிமை அதற்கு இருக்கிறது. இரத்மலானைக்கும் பலாலிக்கும் இடையே பறக்கும் உள்நாட்டுச் சிறு நிறுவனங்களோ முழுதாக அதன் கையில் இருப்பவை. பத்து விமானிகளுக்குக் குறைவாக வைத்திருக்கும் ஒரு நிறுவனத்தில் ஒருவருக்குக் காய்ச்சல் வந்தால் அட்டவணை என்னாகும் என்பது பெரிய நிறுவனத்தின் 65 பேரைவிட நெருக்கமான கேள்வி.

ஓடுபாதையை நீட்ட வேண்டும், ஏ320 ரக விமானங்கள் பலாலியில் இறங்க வேண்டும், வளைகுடாவிலிருந்து நேரடிச் சேவை வேண்டும் என்று நாம் கேட்டு வருகிறோம். நியாயமான கோரிக்கைதான்; கட்டுநாயக்காவுக்குப் போய்வர ஒரு இரவையே பஸ்ஸில் கழிக்கும் சனங்கள் நாங்கள். ஆனால் வளைகுடாவிலிருந்து தெற்காசியாவுக்கு வரும் மலிவு விலைச் சேவைகள் பெரும்பாலும் இரவில் கிளம்பி விடியப்புறம் இறங்குபவை. மங்களூர் விமானமும் அப்படித்தான் வந்தது. ஆகவே யாழ் மாவட்ட நாடாளுமன்ற உறுப்பினர்களும் யாழ்ப்பாண வணிகர் கழகமும் புதிய சேவைகளுக்காக நிறுவனங்களோடும் அமைச்சோடும் பேசும்போது பயணச்சீட்டு விலை, பொதி எடை ஆகியவற்றோடு இன்னும் நான்கு விடயங்களைக் கேட்கலாம்: இந்தச் சேவைக்கு ஒவ்வொரு நாளும் காத்திருப்பில் எத்தனை விமானிகள் இருப்பார்கள், கடந்த ஆண்டு உங்கள் விமானிகள் கொடுத்த களைப்பு முறைப்பாடுகள் எத்தனை, அவற்றில் எத்தனை ஏற்கப்பட்டன, முறைப்பாடு கொடுத்தவர் எவருக்காவது அந்த மாதச் சம்பளம் குறைந்ததா?